கோடு விழாத பெயர்கள்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையில் ஒரு வார்த்தை என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுவதும் 60 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட, சென்னை மாநகராட்சியில் அது 43 சதவிகிதத்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டதை எடுத்துக்கொண்டு, இதற்குப் பெயர் ‘அலட்சியம்’ என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். நகரவாசியின் பிரக்ஞை மழுங்கிவிட்டது, லீவு கிடைத்தால் அவன் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்கிறான், இத்யாதி. நம் பத்திரிகைகளுக்கு இது புதிதல்ல. வாசகன் கவிதை படிக்காததற்கும் ஜனங்கள் ஓட்டுப் போடாததற்கும் நாம் ஒரே காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறோம்.

நண்பர் தி.நகரில் இருக்கிறார். நான் 40 வருஷமாக அம்பத்தூரில் இருக்கிறேன். இந்த வித்தியாசம் முக்கியம் என்றே நினைக்கிறேன். 2011 அக்டோபர் வரை அம்பத்தூர் தனி நகராட்சி; அதற்குப் பிறகுதான் சென்னையின் ஒரு மண்டலம். ஆவடி மாநகராட்சியானது 2019இல். நகரத்துக்கு வெளியே நின்று, நகரத்தில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் நாங்களே நகரமாகிவிட்டோம். அப்போது கூடவே வந்தவை எவை என்பதை நண்பர் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்ததால், 1984 முதல் ஓய்வு பெறும் வரை ஏறக்குறைய எல்லாத் தேர்தலிலும் எனக்குச் சாவடி வேலை விழுந்தது. வாத்தியார்களுக்குத் தேர்தல் என்பது முந்தின நாள் பெட்டியோடு லாரியில் ஏறி, ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொசுக்கடியில் படுத்து, விடிவதற்கு முன் எழுந்து, காலிப் பெட்டியை ஏஜெண்டுகளிடம் காட்டி அரக்கு வைக்கிற காரியம். எனக்குப் பெரும்பாலும் முதல் மேஜை. வாக்காளர் பட்டியல் அங்கேதான் இருக்கும். பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும். ஏஜெண்டுகள் காதில் விழ வேண்டும். ஆட்சேபணை இல்லையென்றால் பெயரின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. சாயந்திரம் கோடுகளை எண்ணினால் சதவிகிதம் வந்துவிடும்.

எண்ணும்போதெல்லாம் என் கண் போனது கோடு விழாத பெயர்களின் மேல்தான். செத்துப்போனவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள், இரண்டு இடத்தில் பெயர் இருப்பவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்து, வாடகை ஏற ஏற திருமுல்லைவாயில், பட்டாபிராம், திருநின்றவூர் என்று ரயில் பாதையோடு மேற்கே நகர்ந்துகொண்டே போகிறவர்கள். பெயர் ஓரிடத்தில், பாய் படுக்கை ஓரிடத்தில். இவர்களையெல்லாம் கழித்தபின் ஒரு மிச்சம் இருக்கிறது: ஊரிலேயே இருந்து, வீட்டிலேயே இருந்து, வராதவர்கள். அந்த மிச்சத்தில் அலட்சியம் எவ்வளவு, பயம் எவ்வளவு, வேறு எது எவ்வளவு என்று பட்டியல் சொல்லாது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்த்து நடக்கவிருந்த ஓட்டுப்பதிவு ஜூன் 15க்குத் தள்ளிப்போயிற்று. அந்த மூன்றரை வாரத்தை இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் பஸ் இல்லை, கடை இல்லை. தி.மு.க. கொடிக்கம்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கட்சி அலுவலகங்களும் கட்சிக்காரர்கள் வீடுகளும் தாக்கப்பட்டன. பிறகு போலீஸ் ஜீப்புகள் வர ஆரம்பித்தன. வாடகைக்கு யார் இருக்கிறார்கள், எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறார்கள் என்று விசாரித்தார்கள்.

ஜூன் 15 எனக்கு விழுந்தது பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பார்லிமெண்டுக்கு வெள்ளைச் சீட்டு, சட்டசபைக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. ஏஜெண்டுகள் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தக் கட்சி ஏஜெண்டு வரவில்லை. யாரும் ஏனென்று கேட்கவுமில்லை. பெஞ்சில் ஆளில்லாவிட்டால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். நான் பெயரைப் படிக்கும்போது ‘இந்த ஆள் அவரில்லை’ என்று சொல்ல உள்ளூர்க்காரன் ஒருவன் வேண்டும். நான் வெளியூர், எனக்கு யாரையும் தெரியாது. யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் கோடு போட வேண்டியதுதான். ஒரு ஏஜெண்டு பயந்து வீட்டில் இருந்தால் எத்தனையோ பெயர்கள் காவலில்லாமல் போகின்றன.

பதினோரு மணி வாக்கில் ஒரு வதந்தி. ரோட்டோரம் ஒரு கார் நிற்கிறது, உள்ளே ஆளில்லை. அவ்வளவுதான். ஆண்கள் வரிசை குறைந்தது. பெண்கள் வரிசை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒற்றை ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. போலீஸ்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தானாம். சாவடி காலியாகவே இருந்தது. நாங்கள் பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு மேல் பெண்கள் திரும்பி வந்தார்கள். தனித்தனியாக இல்லை, ஐந்தாறு பேராக, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு கிழவி. ஒருத்தி என் மேஜைக்கு முன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ‘வெடிச்சா எல்லாருக்குந்தான வெடிக்கும், பேரப் பாரு’ என்றாள். செருப்பை விட்டுப்போன பெண்ணும் வந்து அதைக் காலில் மாட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வந்தார்கள்.

அந்தத் தேர்தலில் மாநிலத்தின் பதிவு 64 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. 1989 சட்டசபைத் தேர்தலில் கிட்டத்தட்ட 70. இடையிலுள்ள ஆறு சதவிகிதத்துக்குப் பயம் என்று பெயர் எழுதி முடித்துவிடலாம். ஆனால் குண்டும் வெடிக்காத, கொடிக்கம்பமும் சாயாத 2001இல் அது 59க்கு இறங்கியிருக்கிறது. 1967இல் நடந்தது இன்னும் விசித்திரம். அந்த ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். ராமாவரம் வீட்டில் சுடப்பட்டார். போரூருக்குப் பக்கம், பூந்தமல்லிச் சாலையிலிருந்து அதிக தூரமில்லை. கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த படம் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் அவர் தெருவில் இறங்காமலே ஜெயித்தார். அந்த வருஷம் மாநிலத்தில் 76 சதவிகிதத்துக்கு மேல். 2011 வரை எந்தச் சட்டசபைத் தேர்தலும் அதைத் தாண்டவில்லை. அரிசி இருந்தது, ஹிந்தி எதிர்ப்பு இருந்தது. துப்பாக்கிதான் காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை. ரத்தத்தைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்ற சூத்திரம் இந்தப் பக்கத்தில் நிற்கவில்லை என்பதோடு விடுகிறேன்.

கதவைச் சாத்த வைக்கிற வன்முறை வேறு ரகம். அதற்கு ரத்தம் வேண்டியதில்லை.

2006 அக்டோபர் 13ஆம் தேதி சென்னை மாநகராட்சித் தேர்தல். சாவடிகளில் கும்பல் புகுந்ததையும் அடிதடியையும் டெலிவிஷனில் எல்லோரும் பார்த்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2007 ஜனவரியில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள். பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடியும் தேர்தல் நடந்தது. இதெல்லாம் சரித்திரம். சரித்திரத்தில் வராத ஒரு சாவடியைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

என் தங்கை அப்போது நகர எல்லைக்குள், வில்லிவாக்கம் பக்கம் குடியிருந்தாள். சமையலை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் போயிருக்கிறாள். கலாட்டா ஒன்றுமில்லை. வாசலில் ஏழெட்டு வாலிபர்கள். அவளை யாரும் தடுக்கவில்லை. ‘வாங்கக்கா’ என்றுகூடச் சொன்னார்களாம். உள்ளே முதல் மேஜையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். அவள் பெயரின் கீழே கோடு இருந்தது. ‘உங்க ஓட்டு ஆயிடுச்சும்மா’ என்றார், தலை நிமிராமல். அவள் விரலை நீட்டிக் காண்பித்தாள். மை இல்லாத விரல். ‘ஆயிடுச்சும்மா, போங்க.’ பின்னால் நின்றிருந்த வாலிபர்களில் ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது.

அந்த மேஜைக்காரர் என்னைப் போன்ற ஒரு வாத்தியாராகத்தான் இருந்திருப்பார். அவர் ஏன் தலை நிமிரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அந்த வாலிபர்களோடு அதே அறையில் இருக்க வேண்டியவர் அவர். என் தங்கைக்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. நான்தான் அந்த ஆள் என்று அதிகாரிக்கு ருசுப்படுத்தினால், தனியாக ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். டெண்டர் ஓட்டு என்போம். 2018இல் ‘சர்கார்’ படம் வந்ததிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டில்கூட இந்த விதியைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சீட்டு ஓர் உறைக்குள் போய் மூடப்படும் என்பது. எண்ணிக்கையில் அது சேராது. திருடிப் போட்ட ஓட்டு எண்ணப்படும், சொந்தக்காரியின் ஓட்டு உறையில் கிடக்கும். யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, கோர்ட்டும் மனது வைத்தால் உறையைப் பிரிக்கலாம்.

அந்த வாலிபர்கள் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். எழுதப் போவதில்லை. எழுதினால் கட்டுரை அந்தக் கட்சியைப் பற்றியதாகிவிடும். படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு நிம்மதியாகிவிடும். அடுத்த தேர்தலில் அந்தச் சிரிப்பு வேறு கொடியைப் பிடித்துக்கொண்டு வரக்கூடியதுதான்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். 2006இல் என் தங்கை ஓட்டுப் போட்டவள். சதவிகிதத்துக்குள் இருக்கிறாள். 2022இல் அவள் திருமுல்லைவாயிலுக்கு வந்துவிட்டிருந்தாள். ஆவடி மாநகராட்சிக்கு அதுதான் முதல் தேர்தல். சாவடி அடுத்த தெருவில். வாசலில் வாலிபர்கள் யாருமில்லை. அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். ‘நான் போகலேன்னா என்ன அண்ணா, என் ஓட்டு தானாப் போயிடும்’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பால்காரன் வருவான் என்கிற மாதிரி சொன்னாள். விரட்டப்பட்ட வருஷத்தில் அவள் வந்தவள். யாரும் விரட்டாத வருஷத்தில் வராதவள். ஆவடிக் கணக்கு என்பதால் நண்பரின் 43 சதவிகிதத்தோடு அவளுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் நண்பரின் வார்த்தை அவள் மேலும்தான் விழுகிறது.

அந்தத் தேர்தலுக்கு ஒன்றரை மாதம் முன்பு, 2022 ஜனவரி 1ஆம் தேதி, ஆவடிக்கென்று தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்திருந்தது. ஆவடி சீருடைக்குப் புதிய ஊர் அல்ல. டாங்க் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எப். முகாம், சிறப்புக் காவல் படை. இத்தனை சீருடைகளுக்கு நடுவே ஒரு ஊர் ரவுடிகளுக்குப் பயப்படுவது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரவுடிப் பட்டியலில் உள்ளவர்களிடம் நன்னடத்தைக்கு எழுதி வாங்குவார்கள். பதற்றமான சாவடிகள் என்று கணக்கெடுத்துக் காமிரா மாட்டுவார்கள். இதெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். 1991இல் அந்தக் கிழவிகளைத் திரும்ப அழைத்து வந்ததில், காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒற்றைப் போலீஸ்காரருக்கும் பங்கு உண்டு. ஆனால் சீருடை மறுநாள் போய்விடும். வார்டு கவுன்சிலரும் அவர் ஆட்களும் ஐந்து வருஷம் இருப்பார்கள்.

பூந்தமல்லிக்கு மேற்கே நிலமும் மண்ணும் தொழிற்சாலைக் கழிவு இரும்பும் பணமாகிற பிரதேசம். ஊராட்சித் தலைவர் பதவி அங்கே தெருவிளக்குச் சமாச்சாரம் மட்டுமல்ல. 2023 ஏப்ரலில் வளர்புரம் ஊராட்சித் தலைவரை நசரத்பேட்டையில், நெடுஞ்சாலையில், கார் மீது நாட்டு வெடிகுண்டு வீசி வெட்டிக் கொன்றார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அடுத்த முறை வேட்பு மனு வாங்கப் போகிறவன் வீட்டில் அவன் மனைவி என்ன சொல்லுவாள் என்று ஊகிப்பது சிரமமில்லை. தெற்கே, ஜாதியின் கணக்கில், இது இன்னும் அப்பட்டமாக நடந்திருக்கிறது. மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது 1996இல் தேர்தலையே நடத்தவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஜெயித்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை நிறுத்தி வெட்டினார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை பத்து வருஷம் அந்த நாற்காலியில் யாரையும் நிலையாக உட்காரவிடவில்லை. பயம் வாக்காளனிடம் வந்து சேருவதற்கு முன் வேட்பாளனைப் பார்த்துவிட்டு வருகிறது.

மாங்காட்டில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நம் பத்திரிகைகளைப் பிழைதிருத்துகிறவர்போல வரி விடாமல் படிக்கிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும் அகதி என்பதால் எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது. நண்பரின் கட்டுரையை அவரும் படித்திருந்தார். ‘நாப்பத்திமூண்டு நல்ல எண்ணெல்லோ’ என்றார். அவருக்குத் தெரிந்த எண்கள் வேறு. 1994 பார்லிமெண்ட் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவானது 2 சதவிகிதத்துச் சொச்சம். குடாநாடு அப்போது புலிகள் கையில். பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டை வைத்துக்கொண்டு ஒரே குழு ஒன்பது ஸ்தானங்களைப் பிடித்தது. 2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தில் 1.2 சதவிகிதம். ஓட்டுப் போடப் போகாதே என்ற சொல் புலிகள் பக்கத்திலிருந்து வந்திருந்தது. இரண்டு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியானார். அந்த 1.2 புறக்கணிப்பா, பயமா என்று கேட்டேன்.

‘அண்டைக்கு ஒருத்தரும் வெளிக்கிடேல்லை எண்டு அக்கா போனில சொன்னவ’ என்றார். ‘ஏன் எண்டு நான் கேக்கேல்லை. போனில கேக்கிற கேள்வியே அது?’

அக்கா அங்கேயே இருந்தவர். 2013 செப்டம்பர் 21ஆம் தேதி வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது அவருக்கு எழுபது வயது. யுத்தம் முடிந்து நான்கு வருஷம், ராணுவம் போகவில்லை. ஓட்டுப்பதிவுக்கு முன்னால் ஒரு பெண் வேட்பாளரின் வீடு தாக்கப்பட்டது. ஓட்டுப்பதிவு அன்று காலையில் ‘உதயன்’ பத்திரிகையைப் போலவே ஒரு போலிப் பத்திரிகையை அச்சடித்து, அந்தப் பெண் கட்சி மாறிவிட்டதாகச் செய்தி போட்டு விநியோகித்தார்கள். பயமுறுத்துவதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்றில் இரண்டு பேர் போய் ஓட்டுப் போட்டார்கள். 38 ஸ்தானங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. அக்கா தம்பியிடம் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: ‘ஒழுங்கை முகப்பில ஆமி நிண்டவன். எண்டாலும் போனனாங்கள். எங்கட வாக்கை எண்ணுவினம் எண்டு ஒரு எண்ணம்.’

பயம் போய்விட்டதால் அவர் போகவில்லை. பயத்தோடுதான் போயிருக்கிறார். பூந்தமல்லிக் கிழவியும் அப்படித்தான். என் தங்கைக்கு இன்று யாரிடமும் பயமில்லை. எண்ணுவார்கள் என்ற அந்த எண்ணத்தைத்தான் 2006இல் முதல் மேஜையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கமிஷனர் அலுவலகத்தாலும் ஆகாது.

எண்ணுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் பெட்டிகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபின் சாவடிக்குச் சாவடி தனிக் கணக்கு. ஒரு சாவடி என்பது நாலைந்து தெரு. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது எண்ணி முடித்த சாயந்திரமே கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் தெரிந்துவிடும். பிறகு தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் திரும்பும் என்பதும் தெரிந்துவிடும். ஓட்டு தனி மனிதனுக்குத்தான் ரகசியம், தெருவுக்கு ரகசியமில்லை. பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் கமிஷன் 2008இலேயே யோசனை சொல்லி, சட்டக் கமிஷனும் 2015இல் சிபாரிசு செய்தது. மத்திய அரசு ஒப்பவில்லை. சாவடிவாரிக் கணக்கு தெரிந்தால்தான் கட்சிகள் நன்றாக வேலை செய்யும் என்று ஒரு வாதம். செய்யும்தான்.

நண்பருக்கு எதிராக ஒரு சாட்சியம் என்னிடம் இருப்பதாக நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். என் தங்கை சாட்சி சொல்ல வரமாட்டாள். சமீபத்தில் பட்டியலைத் திருத்த அவள் வீட்டுக்கு ஆள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். ‘இருக்கட்டும்’ என்றாள். அச்சடித்த தாளை வாங்கிப் பார்த்தாள். இனிஷியல் தப்பாக இருந்தது. உள்ளே போய் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து, மேஜை மேல் வைத்துத் திருத்திக் கொடுத்தாள்.